சீனச் சந்தையில் துணி வாங்கப் போகிறீர்களா? பேரத்துக்கு ஒரு வழிகாட்டி

சரக்கெடுக்கக் குவாங்சோ வரும் வியாபாரி, மருத்துவம் படிக்க வந்த மாணவர், ஒரு வாரச் சுற்றுலாவில் வந்த குடும்பம் என்று யாராக இருந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "சொல்ற விலையில எவ்வளவு குறைச்சுக் கேட்கணும்? பாதியா, கால்வாசியா?"

இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. பாதி விலைக்குக் கேட்டால் ஒரு கடையில் நன்றாக ஏமாந்துவிட்டு வருவீர்கள். அதே பாதியை இன்னொரு கடையில் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு கடைகளும் ஒரே ஊரில், ஒரே மெட்ரோ பாதையில்கூட இருக்கலாம். நிற்கிற சந்தை எந்த ரகம் என்பதைப் பொறுத்துத்தான் கணக்கு. அதனால் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன் சந்தையைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: எந்த ரகச் சந்தை என்று பாருங்கள்

வெளிநாட்டுக்காரர்களை நம்பியே நடக்கும் கட்டடங்கள் ஒரு ரகம். பெய்ஜிங்கின் சில்க் ஸ்ட்ரீட் இதற்குப் பேர்போனது. முன்பு சந்துக்குள் வரிசையாகக் கிடந்த கடைகள் 2005இல் பல மாடிக் கட்டடத்துக்குள் போயின. மெட்ரோ முதல் தடத்தில் யோங்ஆன்லி நிலையத்தில் இறங்கினால் வாசலிலேயே விடும். சொர்க்கக் கோயிலின் கிழக்கு வாசல் பக்கம் இருக்கும் ஹோங்சியாவ் சந்தை, ஷாங்காயில் இரண்டாம் தடத்து அறிவியல் அருங்காட்சியக நிலையத்தின் சுரங்கக் கடைகள், ஷென்ஜெனில் ஹாங்காங் எல்லைச் சோதனைச் சாவடியை ஒட்டியுள்ள லுவோஹு வணிக வளாகம் எல்லாம் இந்த ரகம்தான். விற்கும் பெண்கள் ஆங்கிலமும் ரஷ்ய மொழியும் பேசுவார்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் "நமஸ்தே" வரும். இங்கே சொல்லும் முதல் விலைக்கும் துணியின் மதிப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஐந்து மடங்கு சாதாரணம், பத்து மடங்கும் உண்டு.

அடுத்தது மொத்த வியாபாரச் சந்தை. குவாங்சோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1993 முதல் நடக்கும் பாய்மா, அதே ஊரின் ஷிசான்ஹாங், ஷாஹ, ஷாங்காயின் சிபு சாலை, ஹாங்சோவின் சிஜிசிங். கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் மூட்டை கட்டித் தள்ளுவண்டியில் இழுத்துக்கொண்டு ஆட்கள் ஓடினால் நீங்கள் இந்த ரகத்தில் நிற்கிறீர்கள். இங்கே பேரம் என்பது ஐந்து யுவான், பத்து யுவான் அளவில்தான்.

மூன்றாவது இரவுச் சந்தையும் நடைபாதைக் கடைகளும். யிவூவின் சாந்திங் சாலை, ஹாங்சோவின் வூஷான் போன்றவை. கூட்டத்தில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள் என்பதால் முதல் விலையே ஓரளவு நியாயமாக இருக்கும். இரண்டு உருப்படி எடுத்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவே.

விலைச் சீட்டும் பார்கோடும் தொங்கும் பிராண்டு கடைகளிலும் மால்களிலும் பேரமே கிடையாது. அங்கே போய் வாயைக் கொடுக்க வேண்டாம்.

பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். ஷாங்காயின் ஷியாங்யாங் சாலைச் சந்தையை 2006இலேயே மூடிவிட்டார்கள். பெய்ஜிங் மிருகக்காட்சி சாலைக்கு எதிரே இருந்த பெரிய மொத்தச் சந்தை 2017இல் முழுவதும் காலியானது. இன்றும் அந்தப் பெயர்களைச் சொல்லி டாக்சி பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முன்

போனிலேயே பணம் கட்ட உதவும் அலிபே, வீசாட் என்ற ஆப்கள் இரண்டில் ஒன்றையாவது ஊரிலிருந்து கிளம்பும்போதே போனில் போட்டு, விசா அல்லது மாஸ்டர் கார்டை இணைத்துக்கொள்ளுங்கள். ரூபே கார்டு உதவாது. வெளிநாட்டு கார்டில் ஒரே முறையில் 200 யுவானுக்கு மேல் கட்டினால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள், அதற்குள் என்றால் இல்லை. ஆகவே 380 யுவானுக்கு இரண்டு சட்டை எடுத்தால் தனித்தனியாக ஸ்கேன் செய்து கட்டுவது புத்திசாலித்தனம். சில சிறு கடைக்காரர்கள் மாட்டி வைத்திருப்பது சொந்தக் கணக்கின் கியூஆர் கோடு. அதில் வெளிநாட்டு கார்டு வேலை செய்யாமல் போகலாம். அதற்காகக் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். 10, 20, 50 என்று சில்லறை நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். சீனப் பணமான யுவான் ஒன்று ஏறக்குறைய 12, 13 இந்திய ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்குப் போதும்.

கூகுள் அங்கே திறக்காது. மொழிபெயர்க்கும் ஆப் ஏதாவது ஒன்றில் சீன மொழியை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். படம் எடுத்து எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதி அதில் இருக்க வேண்டும். துணியின் லேபிளைப் படிக்க அது இல்லாமல் முடியாது.

இணையத்தில் பொருள் வாங்க உதவும் தாவோபாவ் ஆப்பும் இருந்தால் நல்லது. துணியைப் படம் பிடித்துத் தேடினால் அதே மாதிரி துணி இணையத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று காட்டிவிடும். கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் மொத்தச் சந்தையில் கடைக்குள் நின்று படம் எடுக்காதீர்கள். டிசைனைத் திருட வந்தவர் என்று நினைத்துச் சத்தம் போடுவார்கள். படம் எடுக்கக் கூடாது என்று பலகையே மாட்டியிருப்பார்கள்.

எண்கள், விரல்கள்

பேரத்துக்கு வேண்டிய சீனம் பத்து நிமிடத்தில் வந்துவிடும். "துவோ ஷாவ் சியென்?" என்றால் எவ்வளவு. "தாய் க்வெய் ல" என்றால் ரொம்ப அதிகம். "பியென்யி தியென்" என்றால் கொஞ்சம் குறையுங்கள். "பு யாவ்" என்றால் வேண்டாம். கடைக்காரரை "லாவ்பான்" என்று கூப்பிடுங்கள், நம் "முதலாளி" மாதிரி. குவாங்சோவில் "கேய் தோ ச்சின்?" என்று உள்ளூர் மொழியான கான்டனீஸில் விலை கேட்டால் ஒரு சிரிப்பு கிடைக்கும், அங்கே உங்களை "லெங் ச்சாய்", பெண்ணென்றால் "லெங் லோய்" என்று கூப்பிடுவார்கள். அழகன், அழகி என்று அர்த்தம். எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பூரித்துப்போக வேண்டாம்.

காசை யுவான் என்று சொல்லமாட்டார்கள், "குவாய்" என்பார்கள். கவனிக்க வேண்டியது இது: "யி பாய் வூ" என்று காதில் விழுந்தால் நூற்றைந்து இல்லை, நூற்றைம்பது. நூற்றைந்துக்கு நடுவில் ஒரு "லிங்", அதாவது பூஜ்யம், வரும்.

விரலிலும் இதே வம்பு உண்டு. சீனர்கள் ஒன்று முதல் பத்து வரை ஒரே கையில் காட்டுவார்கள். ஐந்து வரை நம்மைப் போலத்தான். கட்டை விரலையும் சுண்டு விரலையும் மட்டும் நீட்டினால் ஆறு. கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றின் நுனியையும் குவித்தால் ஏழு. ஆள்காட்டி விரலைக் கொக்கி போல் மடக்கினால் ஒன்பது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் துப்பாக்கி போல நீண்டால் எட்டு. நம் கண்ணுக்கு அது இரண்டாகத்தான் தெரியும். இருபது குவாய் என்று மகிழ்ந்து ஸ்கார்ஃபைக் கையில் எடுத்தபின் எண்பது கேட்டால் கடைக்காரம்மா மேல் தப்பில்லை.

சந்தேகமாக இருந்தால் கால்குலேட்டரைக் கேளுங்கள். எல்லாக் கடையிலும் பெரிய பொத்தான்களோடு ஒன்று கிடக்கும். பேரமே அந்தக் கால்குலேட்டர் கை மாறி மாறிப் போய்த்தான் நடக்கும்.

சுற்றுலாச் சந்தையில் பேரம்

முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள், எதையும் தொடாதீர்கள். ஒரே சட்டை பத்துக் கடையில் தொங்கும். இரண்டு மூன்று கடையில் விலை மட்டும் கேட்டுவிட்டு நகருங்கள். நகரும்போது அவர்கள் முதுகுக்குப் பின்னால் கத்தும் விலைதான் உங்களுக்குக் கிடைக்கும் முதல் நேர்மையான தகவல்.

பிறகு மனதுக்குள் ஒரு விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். "இந்த ஜாக்கெட்டுக்கு நான் 150க்கு மேல் தரமாட்டேன்" என்று கடைக்குள் நுழைவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அவர்கள் சொல்லும் விலையிலிருந்து கணக்குப் போட ஆரம்பித்தால் அங்கேயே தோற்றீர்கள்.

ஒரு ஜாக்கெட் பேரம் எப்படிப் போகும் என்று பாருங்கள். கடைக்காரப் பெண் கால்குலேட்டரில் 780 என்று தட்டி நீட்டுகிறாள். நீங்கள் உடனே பதில் விலை சொல்லக் கூடாது. சிரித்துவிட்டு "தாய் க்வெய் ல" என்று துணியைத் திரும்ப மாட்டுங்கள். "நீ என் பிரெண்டு, உனக்காக" என்று 480 வரும். இன்னும் வாயைத் திறக்காதீர்கள். தையலைப் பாருங்கள், ஜிப்பை மேலும் கீழும் இழுங்கள். 380. இப்போது கால்குலேட்டரை வாங்கி 80 என்று தட்டுங்கள். "அய்யோ" என்று நெஞ்சில் கை வைப்பாள், அடக்க விலையே கட்டாது என்பாள், பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டுவாள். இதெல்லாம் முறை. கோபப்பட ஒன்றுமில்லை, கூச்சப்படவும் ஒன்றுமில்லை. அவள் 300க்கு இறங்கினால் நீங்கள் 90க்கு ஏறுங்கள். அவள் நூறு நூறாக இறங்க, நீங்கள் பத்துப் பத்தாக ஏற வேண்டும். 200இல் அவள் பிடிவாதமாக நின்றால், "ஷியே ஷியே" என்று நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

நடக்கும்போது திரும்பிப் பார்க்காதீர்கள். ஐந்தாவது கடை தாண்டுவதற்குள் கையைப் பிடித்து இழுத்துவந்து 140 என்றால் வாங்கிவிடுங்கள். யாரும் கூப்பிடவில்லையா? அதுவும் ஒரு பதில்தான், உங்கள் விலை அடக்கத்துக்குக் கீழே போய்விட்டது. அடுத்த கடையில் அதே ஜாக்கெட்டுக்கு இருபது யுவான் கூட்டிக் கேளுங்கள்.

மீறக் கூடாத விதி ஒன்று இருக்கிறது. வாங்க மனமில்லாத பொருளுக்கு விலை சொல்லாதீர்கள். நீங்கள் கேட்ட விலைக்கு அவர்கள் சரி என்று சொன்னபின் "வேண்டாம்" என்றால் திட்டு விழும், சில கடைகளில் வழி மறித்தும் நிற்பார்கள். நியாயம் அவர்கள் பக்கம்தான். துணியைக் குறை சொல்லி விலை குறைப்பதும் வேண்டாம். "மட்டமான துணி" என்று சொல்லி அவர்களை மற்றவர்கள் எதிரில் சிறுமைப்படுத்தினால் விலை இறங்காது, மனம்தான் இறுகும். "பிடிச்சிருக்கு, ஆனா கையில இவ்வளவுதான் இருக்கு" என்பது எங்கேயும் செல்லும். அதைச் சொல்லிவிட்டுப் பர்ஸிலிருந்து நூறு யுவான் நோட்டுக் கட்டை எடுத்துவிடாதீர்கள்.

காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது. நம் ஊர் போணி மாதிரி அங்கேயும் உண்டு, "காய் ஜாங்" என்பார்கள். நாளின் முதல் வியாபாரம் கைநழுவிப் போவதை யாரும் விரும்புவதில்லை. கடை சாத்தும் நேரமும் பரவாயில்லை. கூட்டம் நெரியும் சனி, ஞாயிறு மதியம்தான் மிக மோசம். நீங்கள் போனால் இன்னொருவர் என்றிருப்பார்கள்.

ஒன்றாகச் சேர்த்து வாங்கும்போது ஒரு தந்திரம். முதலில் ஒரு சட்டைக்கு விலையைப் படியவையுங்கள். படிந்தபின் "மூணு எடுத்தா எவ்வளவு?" என்று ஆரம்பியுங்கள். தொடக்கத்திலேயே மூன்று வேண்டும் என்று காட்டினால் அந்தக் குறைப்பையும் சேர்த்து முதல் விலையிலேயே ஏற்றிவைத்துவிடுவார்கள்.

மொத்தச் சந்தையில் அதே வித்தை செல்லாது

இங்கே 60 யுவான் என்று சொன்ன சட்டையை 15க்குக் கேட்டால் பதிலே வராது. அவர்களுக்கு உருப்படிக்கு ஐந்தோ எட்டோதான் நிற்கும், எண்ணிக்கையில்தான் சம்பாதிக்கிறார்கள். கேட்கும் விதமும் வேறு. "துவோ ஷாவ் சியென்" என்று கேட்டால் சில்லறைக்காரர் என்று தெரிந்துவிடும். சரக்கெடுப்பவர்கள் "ட்ஸென்ம நா?" என்பார்கள், எப்படி எடுக்கலாம் என்பது போல. தோளில் பெரிய பை இருந்தால் இன்னும் நம்புவார்கள்.

ஒரே நிறத்தில் எல்லா அளவும் ஒவ்வொன்று சேர்ந்ததை "யி ஷோவ்" என்பார்கள். பல கடைகள் அதற்குக் குறைந்து தரமாட்டார்கள். ஒன்று மட்டும் கொடுக்கச் சம்மதித்தாலும் பத்து இருபது யுவான் ஏற்றித்தான் சொல்வார்கள். அதை மறுபேச்சில்லாமல் கொடுத்து வாங்கினாலும் சுற்றுலாச் சந்தையைவிட லாபம்தான். போட்டுப் பார்க்க விடமாட்டார்கள். கிழிசல், கறை இருந்தால் மாற்றித் தருவார்கள், பிடிக்கவில்லை என்றால் மாற்ற மாட்டார்கள்.

நேரத்தைக் கவனியுங்கள். ஷாஹ போன்ற இடங்களில் விடிவதற்கு முன்பே வியாபாரம் சூடு பிடித்து, மதியத்துக்குள் கடையை ஏறக்கட்டிவிடுவார்கள். சாவகாசமாகக் காலை உணவு முடித்துப் போனால் அட்டைப்பெட்டிகளைத்தான் பார்க்க முடியும். சீனப் புத்தாண்டையொட்டி வாரக்கணக்கில் மூடியிருக்கும். ஆகஸ்ட் வெயிலில் குளிர்காலக் கோட்டுகள் வந்து இறங்கும். அந்தக் கோட்டுகளே புத்தாண்டு முடிந்து மார்ச்சில் தள்ளுபடிக்கு வந்துவிடும்.

அளவும் துணியும்

பேரத்தில் ஜெயித்து அளவில் தோற்பவர்கள்தான் அதிகம். சீன லேபிளில் 170/92ஏ என்பது போல இருக்கும். முதல் எண் உயரம், இரண்டாவது மார்பளவு, இரண்டும் சென்டிமீட்டரில். பின்னால் வரும் எழுத்து உடல்வாகு. ஏ என்றால் சராசரி, பி, சி என்றால் இடுப்பு கொஞ்சம் பெருத்தவர்களுக்கு. 170/92 ஆண்களுக்கான எம். மார்பு 40 அங்குலம் இருப்பவர் 100 அல்லது 104ஐத் தேட வேண்டும், அதாவது எக்ஸெல், டபுள் எக்ஸெல். ஊரில் எல் போடுபவர்கள் இங்கே எல் வாங்கினால் பொத்தான் போட மூச்சை அடக்க வேண்டியிருக்கும்.

லேபிளே இல்லாத "ஜுன் மா" வகை, அதாவது எல்லோருக்கும் ஒரே அளவு என்று விற்பது, ஒல்லியான பெண்களுக்கு மட்டும்தான் சேரும். விற்பவர் உங்கள் எடையைக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடையை வைத்துத்தான் அளவு சொல்வார்கள், அதுவும் "ஜின்" கணக்கில். ஒரு ஜின் அரை கிலோ. 70 கிலோ இருந்தால் 140 என்று சொல்லுங்கள். ஒரு டேப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஊரில் சரியாகப் பொருந்தும் சட்டையின் தோள், மார்பு அளவுகளைக் குறித்துப் போவது எல்லாவற்றையும்விடச் சிறந்தது.

பட்டு என்று கொடுத்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவையுங்கள். முடி கருகும் நாற்றம் வந்து சாம்பல் பொடிந்தால் பட்டு. உருகி உருண்டை கட்டினால் பாலியெஸ்டர். துணிச் சந்தைகளில் கடைக்காரர்களே லைட்டரை எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அவர்கள் எடுத்து நீட்டும் நூலை எரிக்காதீர்கள், நீங்கள் வாங்கப்போகும் துணியிலிருந்து நீங்களே உருவுங்கள். 30 யுவானுக்குக் காஷ்மீர் கம்பளி ஸ்கார்ஃப் யாராலும் தர முடியாது. அது அக்ரிலிக் அல்லது விஸ்கோஸ். மென்மையாக இருக்கிறதே என்று வாங்கினால் தப்பில்லை, காஷ்மீர் விலைக்கு வாங்கினால்தான் தப்பு.

வடக்கே ஹார்பின் பக்கம் படிக்கப் போகும் மாணவர்களுக்கு: இறகு அடைத்த ஜாக்கெட்டை ஊரிலிருந்து தூக்கிவராமல் அங்கேயே வாங்குங்கள். லேபிளில் எத்தனை சதவீதம் மெல்லிறகு, எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்று போட்டிருக்கும். ஆப்பில் படம் பிடித்துப் படியுங்கள். கையில் கசக்கிவிட்டால் மெல்லிறகு மெதுவாக உப்பிப் பழைய நிலைக்கு வரும். பஞ்சு அடைத்தது கட்டியாகத் தெரியும். பேரத்தில் ஐம்பது யுவான் மிச்சம் பிடிக்கப் பார்த்து, பஞ்சு ஜாக்கெட்டோடு பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் நிற்க வேண்டாம்.

பிராண்டு பெயர்கள் பற்றி ஒரு வார்த்தை

சந்தையில் தொங்கும் பெரிய பெயர்கள் போலி. "ஒரிஜினல் பேக்டரியிலிருந்து மிஞ்சியது" என்ற கதையையும் நம்ப வேண்டாம். லூயி வித்தோன், ஷனேல், குச்சி, பிராடா, பர்பரி ஐந்தும் தொடுத்த வழக்கில் 2005 டிசம்பரில் பெய்ஜிங் நீதிமன்றம் விற்றவர்களோடு சில்க் ஸ்ட்ரீட் நிர்வாகத்தையும் நஷ்ட ஈடு தரச் சொன்னது. அதற்குப் பிறகு பல கடைகளில் போலிச் சரக்கு கண்ணாடி அலமாரியிலிருந்து இறங்கி உள்ளறைக்குப் போனது. "கேட்டலாக் பார்க்க வா" என்று தெருவில் கூப்பிட்டு வேறொரு கட்டடத்துக்கு அழைத்துப்போகும் தரகர்களோடு போகாதீர்கள். பெயர் பொறிக்காத நல்ல துணி அதே சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும்.

காசு கொடுக்கும் நேரம்

விலை படிந்தபின் பொட்டலம் கட்டும் கையிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். நீங்கள் பார்த்தது ஒன்று, பைக்குள் போவது வேறு அளவு என்பது நடக்கிறது. பையைத் திறந்து இரண்டு கையும் ஒரே நீளமா, காஜா எல்லாம் வெட்டியிருக்கிறதா, லைனிங் பிரிந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். கட்டுவதற்கு முன் திரையில் தொகையை ஒருமுறை வாசியுங்கள்.

நூறு யுவான் நோட்டாகக் கொடுத்தால் அவர்கள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். அது வழக்கம். ஆனால் நோட்டோடு உள்ளே போய்விட்டு வந்து "இது கள்ள நோட்டு" என்று திருப்பிக் கொடுத்தால், அது நீங்கள் கொடுத்த நோட்டாக இருக்காது. வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை அவர்கள் காதுபடச் சொல்லிவிட்டுக் கொடுங்கள், போதும்.

தைத்து வாங்குவதாக இருந்தால்

ஷாங்காயில் லுஜியாபாங் சாலையிலுள்ள தெற்கு பண்ட் துணிச் சந்தையிலும், லுவோஹு வளாகத்தின் மேல் தளத்திலும் தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கோட், சூட், சீனப் பாணி கவுன் எல்லாம் சில நாளில் தைத்துத் தருவார்கள். உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் பழைய கோட் ஒன்றைக் கொண்டுபோய் அதேபோல் தைக்கச் சொல்வதுதான் மிகச் சிறந்த வழி. படத்தைக் காட்டினால் அவர் கற்பனையும் கலந்துவிடும்.

பேரம் பேசும்போது துணிக்குத் தனியாக, தையலுக்குத் தனியாகக் கேட்காதீர்கள். லைனிங், பொத்தான் எல்லாம் சேர்த்து ஒரே விலையாகப் பேசி, தேர்ந்தெடுத்த துணியின் ஒரு துண்டை ரசீதிலேயே பின் குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். பாதி முன்பணம், மீதி போட்டுப் பார்த்தபின். விமானம் வெள்ளிக்கிழமை என்றால் புதன்கிழமைக்குத் தயாராக வேண்டும் என்று சொல்லுங்கள். முதல்முறை போட்டுப் பார்க்கும்போது கை நீளம் அரை அங்குலம் கூடியிருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு நாள் கையில் வேண்டும்.